காப்பி என்று நான் எழுதிய பத்தொன்பது விடைத்தாள்கள்

சுகந்தி எனக்குப் பிறகு எங்கள் பள்ளிக்கு வந்த கணித ஆசிரியை. போன மாதம் ஒரு நாள் காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் திருப்புதல் தேர்வில் எழுதிய விடை. இருபடிச் சமன்பாட்டுக் கணக்கு. கீழே ஒரு கேள்வி: "சார், இந்த மெத்தட் நம்ம புக்ல இல்ல. போன்ல வீடியோ பாத்துட்டு வந்து போடறாங்க. ஆன்சர் கரெக்டாதான் வருது. மார்க் போடலாமா?"

"முழு மார்க் போடும்மா" என்று அனுப்பினேன். உடனே போனில் கூப்பிட்டார். "நீங்களா சார் இப்படிச் சொல்றீங்க? உங்களப் பத்தி ஸ்டாஃப் ரூம்ல வேற மாதிரி இல்ல சொல்றாங்க!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். ஓய்வு பெற்றவனுக்குக் காலை பத்து மணிக்கு என்ன வேலை, அதுவும் பொய்.

அந்த முறையை நான் முதலில் பார்த்தது போனில் அல்ல. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் செஞ்சியில் நடந்த விடைத்தாள் திருத்தும் முகாமில், பத்தொன்பது பிள்ளைகளின் தாள்களில் பார்த்தேன். எங்கள் ஆசிரியர் சங்க மலருக்கு அனுபவக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். நூறு சதவீதத் தேர்ச்சி காட்டிய கதையை மற்றவர்கள் எழுதட்டும், அதற்கு ஆள் நிறைய இருக்கிறார்கள். அந்தப் பத்தொன்பது தாள்களை நான் என்ன செய்தேன் என்று நான் எழுதுகிறேன்.

நான் படித்தது, பயிற்சி பெற்றது எல்லாம் இரண்டு வரியில் அடங்கும். திண்டிவனத்தில் பி.எஸ்ஸி. கணிதம், பிறகு பி.எட். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு ஏழெட்டு வருஷம் காத்திருந்தேன். சிங்கவரத்தில் எங்கள் நிலத்தில் மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, களை எடுத்துக்கொண்டிருந்தபோது பணி ஆணை வந்தது. நைனா அதை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இன்னாடா எழுதிக்கீது?" என்று கேட்டார். அன்று முதல் ஓய்வு பெறும் வரை செஞ்சியைச் சுற்றியே வேலை, பத்தாம் வகுப்புக் கணக்கே பிழைப்பு.

இருபடிச் சமன்பாடு என்றால் கணக்குப் படிக்காதவர்கள் பயப்பட வேண்டாம். இரண்டு எண்கள் இருக்கின்றன. கூட்டினால் இவ்வளவு, பெருக்கினால் இவ்வளவு, அவை எவை என்று கண்டுபிடிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் வருகிற பெரும்பாலான கணக்குகள் அவ்வளவுதான். அதற்குப் புத்தகத்தில் மூன்று வழி கொடுத்திருப்பார்கள். முதலாவது காரணிப்படுத்துதல்: அந்த இரண்டு எண்களை யோசித்துப் பிடிக்க வேண்டும். வாய்ப்பாடு தெரிந்த பிள்ளைக்கு அது ஒரு நிமிஷம், தெரியாத பிள்ளைக்கு ஒரு மணி நேரமானாலும் வராது. மூன்றாவது சூத்திரம்: மனப்பாடம் செய்து எண்களைப் போட வேண்டும். நடுவில் இருப்பது வர்க்கப் பூர்த்தி. மற்ற இரண்டும் ஏன் சரியாக வருகின்றன என்று அது ஒன்றுதான் சொல்லும். அதை நான் என் சர்வீசில் ஒரு வருஷம்கூட ஒழுங்காக நடத்தியதில்லை. "அத விட்டுத் தள்ளுங்கடா, சாய்ஸ்ல போயிடும்" என்று பக்கத்தைப் புரட்டிவிடுவேன். எல்லா ஆசிரியர்களும் அப்படித்தான் செய்தோம். எல்லோரும் செய்தோம் என்பதால் என் தப்பு குறைந்துவிடாது.

முகாம் நடந்தது டவுனுக்குள் ஒரு தனியார் பள்ளியில். காலையில் பதினைந்து தாள், மதியத்துக்குப் பிறகு பதினைந்து தாள். நாங்கள் சிவப்பு மையில் திருத்துவோம். ஆறேழு பேருக்கு ஒரு தலைமைத் தேர்வாளர். அவர் பச்சை மையில் சரிபார்ப்பார். எங்களுக்கு வாய்த்தவர் தணிகாசலம் சார். வேறு ஒன்றியத்தில் தலைமை ஆசிரியர். குரலை உயர்த்தமாட்டார். மின்விசிறிக்கு நேராக ஒரு வயதான டீச்சரை உட்காரவைத்துவிட்டு, தான் ஓரத்தில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யாராவது ஒரு மதிப்பெண் குறைத்துப் போட்டிருந்தால் தாளை எடுத்துக்கொண்டு அவரே நம் இடத்துக்கு வருவார். "இத ஒரு தபா பாரேன்" என்பார், அவ்வளவுதான். நாம் பார்த்துத் திருத்தும் வரை பக்கத்திலேயே நிற்பார்.

முதல் நாள் காலையில் விடைக் குறிப்பைக் கையில் கொடுத்தார்கள். அதை நாங்கள் கீ என்போம். எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண் என்று அதில் இருக்கும். முன்பக்கத்தில் பொதுக் குறிப்புகள் என்று பத்து வரி. அதை யாரும் படிப்பதில்லை. தணிகாசலம் சார் மட்டும் எழுந்து நின்று பத்து வரியையும் வாய்விட்டுப் படித்தார். நாலாவது வரி, சரியான மாற்று முறையில் செய்திருந்தாலும் முழு மதிப்பெண் வழங்க வேண்டும் என்பது. நான் அப்போது பேனாவுக்கு மை போட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் காதில் விழவில்லை என்று சொல்லமாட்டேன். நன்றாக விழுந்தது.

மூன்றாம் நாள் காலைக் கட்டில்தான் அது ஆரம்பித்தது. ஒரு செவ்வக மனையின் நீளமும் அகலமும் சேர்ந்து 28 மீட்டர், பரப்பு 195 சதுர மீட்டர், நீள அகலம் என்ன என்ற ஐந்து மதிப்பெண் கணக்கு. சமன்பாடு x² − 28x + 195 = 0. ஒரு தாளில் சமன்பாட்டை எழுதிவிட்டு, அதன் கீழே இப்படி இருந்தது:

28இல் பாதி 14.
14 × 14 = 196.
196 − 195 = 1. அதன் மூலம் 1.
14 + 1 = 15. 14 − 1 = 13.

விடை சரி. ஆனால் காரணியும் இல்லை, சூத்திரமும் இல்லை. எவனோ குருட்டாம்போக்கில் அடித்திருக்கிறான் என்று நினைத்தேன். இரண்டு தாள் தள்ளி மறுபடி அதே நாலு வரி. காலையில் ஒன்பது தாள், மதியம் பத்துத் தாள். வரிக்கு வரி, சொல்லுக்குச் சொல் ஒன்றுதான். அந்த மாதிரி விடையை நான் பார்த்ததே இல்லை.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாள்களில் எழுத்துப் பிழை அதிகம். 'செவ்வகம்' என்பதையே நாலு விதமாக எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்து எந்த மாதிரி ஊர், எந்தத் தெருப் பிள்ளைகள் என்று மனதுக்குள் ஒரு முடிவு கட்டினேன். இதுகளுக்கு இது எங்கே வரப்போகிறது என்று நினைத்தேன். யாரோ ஒருவன் பிட்டு கொடுத்து, ஹாலே பார்த்து எழுதியிருக்கிறது என்று தீர்மானித்துவிட்டேன். என் சாதிப் பிள்ளைகள் படிக்கும் டவுன் பள்ளியின் கட்டாக இருந்திருந்தால் அப்படி நினைத்திருப்பேனா? மாட்டேன். எழுதவே கை கூசுகிறது, ஆனால் அதுதான் நிஜம்.

பத்தொன்பதையும் தனியாக எடுத்துக்கொண்டு தணிகாசலம் சாரிடம் போனேன்.

"சார், மாஸ் காப்பி."

அவர் நாலைந்து தாள்களைப் புரட்டினார். "இன்னாப்பா, வித்தியாசமா இருக்குது. விடை சரிதானே?"

"விடை சரி சார். முறை தப்பு. எல்லாம் ஒரே ஆள் சொல்லி எழுதினது."

"வேற கணக்கு வெச்சுப் போட்டுப் பாத்தியா?"

அங்கேயே நின்று கீயின் பின்பக்கத்தில் போட்டேன். அந்த வருஷம் வகுப்பில் அதிகம் நடத்திய கணக்கு கையில் வந்தது: 2x² − 7x + 3 = 0. ஏழில் பாதி மூன்றரை. மூன்றரையின் வர்க்கம் பன்னிரண்டே கால். மூன்றைக் கழித்தால் ஒன்பதே கால். அதற்கு மூலம் முழுதாக வராது. உண்மையான விடை 3, அரை. "பாருங்க சார், வரல" என்று காட்டினேன்.

"ஒரு கணக்குதானா? இன்னொண்ணு போடேன்."

எனக்குச் சுருக்கென்றது. "சார், இருபது வருஷத்துக்கு மேல மேக்ஸ் எடுக்கறேன் சார்" என்றேன்.

அவர் தமிழாசிரியராக இருந்து தலைமை ஆசிரியர் ஆனவர் அல்ல, கணக்குக்காரர்தான். ஆனால் அன்று அவருக்கு முன்னால் நூறு தாள் குவிந்து கிடந்தது. என்னை நம்பினார். "பசங்க வாழ்க்கைப்பா. காப்பின்னு எழுதிட்டா அப்புறம் அழிக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் பச்சைப் பேனாவில் கையெழுத்துப் போட்டார். நான் எழுதிய அறிக்கை முகாம் அலுவலரின் அறைக்குப் போனது.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடையில் வீட்டுக்கு பஜ்ஜி கட்டச் சொல்லிவிட்டு நின்றேன். கையில் ஒரு துண்டு பேப்பர் கிடைத்தது. சும்மா இருக்காமல் அந்தக் கணக்கை மறுபடி எழுதினேன். முன்னால் 2 நிற்கிறதே, அதை எடுக்காமல் விட்டுவிட்டேனே என்று அப்போதுதான் பட்டது. எல்லாவற்றையும் இரண்டால் வகுத்தேன். கூட்டினால் மூன்றரை, பெருக்கினால் ஒன்றரை. மூன்றரையில் பாதி 1.75. அதன் வர்க்கம் 3.0625. ஒன்றரையைக் கழித்தால் 1.5625. மூலம் 1.25. கூட்டினால் 3. கழித்தால் அரை.

அடப்பாவி என்று வாய்விட்டே சொன்னேன். கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பிள்ளைகள் எழுதியது வேறொன்றும் இல்லை, வர்க்கப் பூர்த்திதான். நான் வருஷா வருஷம் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போனேனே, அதே பாடம். யாரோ ஒரு ஆசிரியர் அதன் தோலை உரித்து, வாய்ப்பாடு வராத பிள்ளைகூடப் போடும்படி நாலு வரியில் கொடுத்திருக்கிறார். ஒருமுறையாவது நான் அதை மனசு வைத்து நடத்தியிருந்தால் முதல் தாளிலேயே அடையாளம் தெரிந்திருக்கும்.

மறுநாள் எட்டரைக்கே முகாமுக்குப் போய்விட்டேன். முந்தின நாள் அறிக்கைகள் பதினொரு மணிக்குத்தான் ஜீப்பில் மேலிடத்துக்குக் கிளம்பும். இரண்டரை மணி நேரம் இருந்தது. "சார், நான் போட்டது தப்பு" என்று நாலு வார்த்தை சொன்னால் போதும். தணிகாசலம் சார் வந்ததும் எழுந்தேன். அதற்குள் முகாம் அலுவலரே எங்கள் அறைக்கு வந்து, "யாருப்பா அந்த மாஸ் காப்பி புடிச்சவரு? நல்ல கண்ணு சார் உங்களுக்கு!" என்று எல்லோர் எதிரிலும் கை கொடுத்தார். அறையே என்னைப் பார்த்தது. பக்கத்து மேசைக்காரர், "பார்ட்டி எப்ப சார்?" என்று கிண்டல் செய்தார். நான் சிரித்துவிட்டு உட்கார்ந்தேன். கணக்கு வாத்தியாருக்கே கணக்குத் தெரியவில்லை என்று அந்த அறையில் பேச்சு வருவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பதினொரு மணிக்கு ஜீப் கிளம்பிப் போனது. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தேர்வு முடிவு வந்த நாளில் அந்தப் பத்தொன்பது பேருக்கு மட்டும் முடிவு நிறுத்திவைக்கப்பட்டது. இரண்டு வாரம் கழித்து விசாரணை வைத்தார்கள். விசாரணை அதிகாரி கணக்குப் படித்தவர் அல்ல. கருத்துச் சொல்ல ஒரு கணித ஆசிரியர் வேண்டும் என்று என்னையே கூப்பிட்டார்கள். தாள் திருத்தியவர் யார் என்று வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. ஆகையால், "இவர் சப்ஜெக்ட் எக்ஸ்பர்ட்" என்று மட்டும் சொல்லி என்னை ஓரமாக உட்காரவைத்தார்கள்.

விசாரணை நடந்தது அவலூர்பேட்டை தாண்டி அந்தப் பிள்ளைகளின் கிராமத்துப் பள்ளியில். வராந்தாவில் பிள்ளைகளும் கூலி வேலையை விட்டுவிட்டு வந்த அப்பா அம்மாக்களும் நின்றார்கள். அவர்களோடு மல்லிகா என்று ஒரு டீச்சர். பெற்றோர் ஆசிரியர் கழகம் சொற்பச் சம்பளத்துக்கு வைத்த தற்காலிக ஆசிரியை. முப்பது வயதுகூட இருக்காது.

"நான்தான் சார் சொல்லிக் குடுத்தேன். பசங்களுக்கு வாய்ப்பாடு வரல. நம்பர யோசிச்சுப் புடிங்கன்னா முழிக்கறாங்க. வர்க்கப் பூர்த்தியதான் சுருக்கிக் குடுத்தேன். எல்லாரும் ஒரே மாதிரி எழுதுனதுக்குக் காரணம் நான்தான் சார், காப்பி இல்ல" என்றார்.

அதிகாரிக்குப் புரியவில்லை. மல்லிகா ஒரு மாணவியை முன்னால் அழைத்தார். தமிழரசி என்று பெயர். "சார் மனசுல ரெண்டு நம்பர நெனச்சுக்கச் சொல்லு" என்றார்.

அந்தப் பெண் தலை நிமிராமல், "நெனச்சுக்குங்க சார். கூட்டினா எவ்ளோ, பெருக்கினா எவ்ளோன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

அதிகாரி ஒரு காகிதத்தில் மறைத்து எழுதிப் பெருக்கிக்கொண்டார். "கூட்டினா இருபது. பெருக்கினா தொண்ணூத்தி ஒண்ணு."

"பாதி பத்து. நூறு. தொண்ணூத்தி ஒண்ணு போனா ஒம்போது. மூலம் மூணு. பதிமூணு, ஏழு சார்."

அதிகாரி வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "அட! கரெக்ட்டும்மா!" என்று காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க சார். இது சரியான முறைதானா?" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். விடைக் குறிப்பு என் மடியில் இருந்தது. முன்பக்கம், நாலாவது வரி. அதைப் படித்துக் காட்டியிருந்தால் அந்த நிமிஷமே எல்லாம் முடிந்திருக்கும். பத்தொன்பது பேருக்கும் முழு மதிப்பெண் வந்திருக்கும், அந்த டீச்சருக்கும் நல்ல பேர் வந்திருக்கும். அப்படியானால் இதை யார் காப்பி என்று எழுதியது என்ற அடுத்த கேள்வியும் வந்திருக்கும்.

"விடை சரியா வருது சார்" என்றேன். "ஆனா கீ-ல இந்த முறை இல்ல."

அதிகாரி பாதி வழியில் தீர்ப்பு எழுதினார். காப்பி இல்லை, முடிவை வெளியிடலாம். ஆனால் அந்தக் கணக்குக்கு விடைக்கு உரிய மதிப்பெண் மட்டும், படிகளுக்கு இல்லை. பாடக் குறிப்பில் இல்லாததை நடத்தக்கூடாது என்று பள்ளிக்கு ஓர் அறிவுரையும் போனது. உத்தரவு வந்து சேர மேலும் பத்து நாள். அதற்குள் பாலிடெக்னிக் சேர்க்கையும் முடிந்துவிட்டது, செஞ்சியில் பதினோராம் வகுப்பு அறிவியல் பிரிவும் நிரம்பிவிட்டது. அடுத்த கல்வி ஆண்டில் மல்லிகாவை அந்தப் பள்ளி வைத்துக்கொள்ளவில்லை என்று கேள்விப்பட்டேன். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் முகாமுக்கு வருஷா வருஷம் போய்வந்தேன். தணிகாசலம் சார் ஓய்வு பெற்ற நாளில் மாலை போட்டுக் கும்பிட்டேன். அவரிடமும் சொல்லவில்லை. இப்போது அவரும் இல்லை.

சுகந்தி அனுப்பிய படம் வந்து நாலு நாள் கழித்து, பென்ஷன் நேர்காணலுக்கு ஆதார் நகல் எடுக்கத் தாலுகா ஆபீஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். மிஷினுக்குப் பின்னால் இருந்த அம்மாள் அட்டையில் என் படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், சட்டென்று எழுந்து நின்றார்.

"சார்! என்னத் தெரியலையா? மல்லிகா சார். அன்னிக்கு என்கொயரில நீங்கதான சார் இருந்தீங்க!"

தலையை ஆட்டினேன்.

"உக்காருங்க சார்" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். கடை அவருடையதுதான். சாயங்காலம் அங்கேயே பத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறாராம். தமிழரசியைப் பற்றி நானே கேட்டேன். "செய்யாறு பக்கம் ஷூ கம்பெனிக்குப் போறா சார். விடியக்காலைல கம்பெனி பஸ்ஸு ஏறிடுவா. டிப்ளமோ படிக்கணும்னு ரொம்ப ஆசப்பட்டா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அன்னிக்கு நீங்க ஒருத்தர்தான் சார் 'விடை சரியா வருது'ன்னு சொன்னீங்க. இல்லன்னா ரிசல்ட்டே குடுத்திருக்க மாட்டாங்க. எங்க பசங்ககிட்ட இன்னும் உங்களப் பத்திச் சொல்லுவேன்" என்றார்.

நகலுக்குப் பணம் வாங்க மறுத்துவிட்டார். நான் எழுந்தபோது கேட்டார்: "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. அத காப்பின்னு எழுதுன சார் யாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே? சண்டைக்கு இல்ல சார். ஒரே ஒரு தடவ அவரு முன்னாடி அந்தக் கணக்கப் போட்டுக் காட்டணும். அவருக்குப் புரியலன்னுதான் எழுதிட்டாரு. புரிஞ்சா வருத்தப்படுவாரு இல்ல?"

"தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

ஆகையால் இந்தக் கட்டுரையை மலருக்குக் கொடுக்கும் முன், அந்தக் கடைக்குப் போய் நகல் எடுக்கப்போகிறேன். அவர்தான் மிஷினில் வைப்பார், வைக்கும்போது கண்ணில் படும். நேரே முகம் பார்த்துச் சொல்ல இப்போதும் எனக்குத் துணிச்சல் இல்லை.

மல்லிகா டீச்சர், அந்தச் சார் நான்தான். நீங்கள் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. எழுதிய அன்று சாயங்காலமே எனக்குப் புரிந்துவிட்டது.